குடிநோயும் கூட்டுறவும்

சேர்வராயன் மலைக்குத் தெற்கே, கொல்லிமலைக்கு மேற்கே, காவிரியின் கரை வரையில் பரந்து கிடப்பது சேலம் நாமக்கல் சமவெளி. வானம் பார்த்த புன்செய் நிலமே இங்கு மிகுதி. ஆயினும் இங்கு வாழும் மக்கள் உழைப்பிற்கு அஞ்சாதவர்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்வார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுவார்கள். நாமக்கல்லில் கோழிப் பண்ணை நடத்துவார்கள். சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் புறப்படும் லாரிகள் பாரதத்தின் நான்கு திசைகளுக்கும் செல்கின்றன. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் வடமாநிலங்களில் மாதக்கணக்கில் தங்கி நீர் தேடுகின்றன.

இத்துணை உழைப்பின் பயனும் வீடு வந்து சேர்கிறதா? பல வீடுகளில் சேர்வதில்லை. வாரக் கூலி கைக்கு வந்த மாலையில், தறிக் கூடத்திற்கும் வீட்டிற்கும் இடையில் ஒரு மதுக்கடை நிற்கிறது. வீட்டை விட்டு நெடுநாள் பிரிந்திருக்கும் ஓட்டுநருக்கு இரவின் தனிமையைப் போக்கும் மருந்தாக மது தோன்றுகிறது. மருந்தாகத் தோன்றியது நாளடைவில் நோயாகிறது. அந்நோயினின்று மீள விரும்புவோர் எங்குச் செல்வர்? எவர் துணையை நாடுவர்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் இதே மண்ணின் பழைய வரலாறு ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்.

திருச்செங்கோட்டிற்கு அருகே புதுப்பாளையம் என்னும் சிற்றூர் உளது. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்கே காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. சேலத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞராக விளங்கி, அந்நகராட்சியின் தலைவராகவும் பணிபுரிந்த இராஜாஜி, நகர வாழ்வைத் துறந்து அங்குக் குடியேறினார். கதர்ப் பணியும் தீண்டாமை ஒழிப்பும் ஆசிரமத்தின் நோக்கங்கள். மதுவிலக்கு அவற்றோடு ஒத்த இடம் பெற்றது. கதர் நூற்றுச் சம்பாதித்த சில அணாக்களும் கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்ணாரக் கண்டவர்கள், ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் எங்ஙனம் செய்ய இயலும்? மதுவிலக்கிற்கென்றே ‘விமோசனம்’ என்னும் திங்களிதழ் 1929-இல் ஆசிரமத்திலிருந்து வெளிவந்தது. அதன் பணியில் இராஜாஜிக்குத் துணை நின்ற இளைஞரே பிற்காலத்தில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி.

1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்தினுள் அடங்கியிருந்தன. அந்நாளில் மாவட்டத் தலைவராக இருந்த டிக்ஸன் என்னும் ஆங்கிலேயர், தம் நாட்டில் காணாத இப்புதுமையை முழுமனத்துடன் நிறைவேற்ற முயன்றார். கடைகளை மூடியதோடு அரசு நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. மாலைப் பொழுது வெறுமையாகிவிட்டால் பழைய நாட்டம் மீண்டும் தலைதூக்கும் என்பதை உணர்ந்து, விளையாட்டு, பஜனை முதலியவற்றை ஊர்தோறும் வளர்க்க முற்பட்டனர். மிச்சப்படும் காசைச் சேர்த்து வைக்கச் சிக்கனச் சங்கங்களை அமைத்தனர். கள்ளுக்கடை ஒருவகையில் ஏழை உழைப்பாளியின் மன்றமாகவும் இருந்தது. மன்றத்தை மூடினால் வேறு மன்றம் திறக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது.

மதுவிலக்கு அடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் பரவியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. போர்க் காலத்தில், 1943-இல், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, 1948-இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியும் விலகியது. 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமாகிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமே நடத்தி வருகிறது. முதன்முதல் கடைகள் மூடப்பட்ட சேலத்திலும் இன்று கடைகள் உண்டு. சட்டத்தின் நன்மை தீமை பற்றிய வழக்கு நெடியது, அது நிற்க. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், குடிக்கு அடிமையான ஒருவனின் உடலுக்குள் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மது மூளையின் செயலை மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் அது உட்புகுந்தால், மூளை அதற்கு ஈடு கொடுக்கத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் முன்பு ஒரு குவளையில் கிட்டிய மயக்கத்திற்கு இப்போது மூன்று குவளை வேண்டியிருக்கிறது. ஒருநாள் மதுவைத் திடீரென நிறுத்தினாலோ, கூட்டிய கிளர்ச்சி தடையின்றிப் பொங்குகிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் வாராது. இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாள்களில் இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்முன் தோன்றி, அறிவு கலங்கி, உயிருக்கே தீங்கு நேர்வதும் உண்டு. காலையில் கை நடுங்குகிறவன் ஒரு மிடறு குடித்ததும் நடுக்கம் நிற்பதைக் கண்ட அயலார், ‘திமிர் பிடித்துக் குடிக்கிறான்’ என்பர். நடுக்கத்திற்கு அஞ்சியே அவன் குடிக்கிறான் என்பதை மருத்துவர் அறிவார். ஆதலின் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. முதற் சில நாள்கள் மருத்துவர் பார்வையில் இருத்தல் இன்றியமையாதது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அறிவுரைக்குத் தமிழில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் நோயாகிவிட்ட பின் அறிவுரை மட்டும் மருந்தாகாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் குடியடிமையை நோய் என ஏற்றது. 2019-இல் இந்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடியால் தீங்குற்றுத் துணை தேவைப்படும் நிலையில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் இந்நாட்டில் உள்ளனர். மதுவுக்கு அடிமையானவர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறினர். ஏனையோரைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கமே. மஞ்சட்காமாலைக்கு மருத்துவமனை செல்லத் தயங்காத குடும்பம், அம்மஞ்சட்காமாலையை வருவித்த குடிக்கு மருத்துவம் பார்க்கத் தயங்குகிறது.

முதற் பத்து நாள் மருத்துவத்தில் உடல் தெளிகிறது. பின்னர் வருவதே கடினமான காலம். வீடு திரும்பியவரை அதே தெரு, அதே நண்பர், அதே மாலைப் பொழுது எதிர்கொள்கின்றன. இவ்விடத்தில் ஊரார் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். சபரிமலைக்கு மாலை அணிந்தவர் ஒரு மண்டலம் முழுவதும் மதுவைத் தொடுவதில்லை. நாள்தோறும் குடித்தவர்கூடச் சிலர் அந்த நாற்பத்தொரு நாளும் தூய்மையாக இருந்துவிடுகின்றனர். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கடைக்குச் செல்வாரும் உளர். ‘விரும்பினால் விடக் கூடியவனே; மனம் இல்லை’ என்று வீட்டார் நொந்துகொள்வர். இதற்குக் காரணம் தேடின், பக்தியோடு வேறொன்றும் புலப்படும். மாலை அணிந்த நாள்களில் அவர் தனியர் அல்லர். உடன் மாலையணிந்தோர் மாலைதோறும் கூடுகின்றனர். ஒருவரை ஒருவர் ‘சாமி’ என மதித்து அழைக்கின்றனர். குருசாமி ஒருவர் வழிகாட்டுகிறார். ஊரும் அவரைக் குடிக்க அழைப்பதில்லை. மாலை கழன்றவுடன் இக்கூட்டம் கலைந்துவிடுகிறது. கலையாத கூட்டம் ஒன்று கிடைக்குமாயின்?

அத்தகைய கூட்டம் ஒன்று கடல் கடந்த நாட்டில், சேலத்தில் மதுவிலக்கு வருவதற்கு ஈராண்டு முன்னர்த் தோன்றியது. நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்த பில் வில்சன் குடியால் அனைத்தையும் இழந்தவர். பன்முறை மருத்துவமனை புகுந்து, இறுதியில் குடியை நிறுத்தி ஐந்து மாதம் கடந்திருந்தார். 1935-ஆம் ஆண்டு மே மாதம் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகருக்கு வணிகத்தின் பொருட்டுச் சென்றார். போன காரியம் தோல்வியுற்றது. விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றார். அருகே மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி வந்தது. தாம் வீழப் போவதை உணர்ந்தார். அதுவரை அவர் பல குடியர்களைத் திருத்த முயன்றிருந்தார், ஒருவரும் திருந்தவில்லை, ஆனால் அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த நாளெல்லாம் தாம் குடிக்கவில்லை என்பது அப்போது நினைவிற்கு வந்தது. மதுக்கூடத்திற்குச் செல்லாமல் தொலைபேசியை எடுத்தார். உள்ளூர்த் திருச்சபையாரின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழைத்து, தம்மைப் போன்ற ஒரு குடிநோயாளியைக் காட்டுமாறு வேண்டினார். அவ்வாறு கிடைத்தவரே ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர்.

மருத்துவர் கால் மணி நேரம் மட்டும் பேச ஒப்புக்கொண்டு வந்தார்; பேச்சு பல மணி நேரம் நீண்டது. பில் வில்சன் அறவுரை கூறவில்லை. தம் வீழ்ச்சியை மட்டும் எடுத்துரைத்தார். குடியைப் பற்றி எத்தனையோ பேர் பேசக் கேட்ட மருத்துவர், தம் மொழியில் பேசும் மனிதரை அன்றுதான் கண்டார். இடையில் ஒருமுறை தவறி வீழ்ந்தார். பின்னர், 1935 ஜூன் 10-ஆம் நாள் அவர் குடித்ததே இறுதிக் குடியாயிற்று. இருவரும் மருத்துவமனையில் கிடந்த மூன்றாம் ஒருவரைத் தேடிச் சென்றனர். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் கூட்டுறவு இவ்வாறு பிறந்தது. ‘பெயர் வெளியிடாக் குடிநோயாளர்’ என்பது அதன் பொருள். இந்தியாவில் அது 1957-இல் கால்கொண்டது. தமிழ்நாட்டில் தமிழிலேயே அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

இக்கூட்டத்தின் நடைமுறை மிக எளியது. குறித்த கிழமையில், குறித்த நேரத்தில், ஒரு பள்ளி அறையிலோ திருச்சபைக் கூடத்திலோ சில நாற்காலிகள் இடப்படும். வருவோர் தம் பெயரை மட்டும் சொல்வர். ஊர், குலம், தொழில் கேட்கப்படுவதில்லை. லாரி உரிமையாளரும் அவரிடம் வேலை செய்யும் கிளீனரும் அருகருகே அமரலாம். ஒருவர் தம் கதையைச் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடார், அறிவுரையும் கூறார். கேட்டதை வெளியே எவரிடமும் பேசுதல் கூடாது. உறுப்பினராவதற்குக் குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் இல்லை. கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும். இயன்றவர் இயன்றதை இடுவர். வாடகையும் தேநீர்ச் செலவும் அதிலேயே அடங்கும். வெளியார் கொடையை ஏற்பதில்லை, அரசியலில் கலப்பதில்லை. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாவா என்பதிலும் இவ்வமைப்பு கருத்துக் கூறுவதில்லை. இது புதுமையாகத் தோன்றலாம். ஆயின் எக்கட்சியைச் சார்ந்தவரும் அஞ்சாது உள்ளே வருவதற்கு இதுவே வழி செய்தது.

‘இனி வாழ்நாளில் குடியேன்’ என்று ஒருவரும் அங்கே சூளுரைப்பதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருப்பேன் என்பதே ஒவ்வொரு நாளின் உறுதி. வாழ்நாள் முழுவதும் என்பது மலைப்பைத் தருகிறது. இருபத்து நான்கு மணி நேரம் என்பது கைக்கு எட்டுகிறது. புதிதாக வந்தவருக்கு முன்பே மீண்ட ஒருவர் வழித்துணையாக அமைவார். நள்ளிரவில் நாட்டம் எழுந்தாலும் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். தவறி மீண்டும் குடித்தவரை யாரும் விலக்குவதில்லை. அவர் மறுநாள் வந்து முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்.

இம்முறைக்குப் பயன் உண்டா என அறிஞர் ஆராய்ந்தனர். 27 ஆய்வுகளில் இடம்பெற்ற 10,565 பேரின் நிலையை ஒருங்கு நோக்கிய காக்ரேன் அறிக்கை 2020-இல் வெளிவந்தது. இக்கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை, இடைவிடாது குடியாதிருக்கச் செய்வதில் வேறு பயிற்சி முறைகளை விடச் சிறந்த பயனளிக்கிறது என அது கண்டது. ஆயினும் இறைவன் என்னும் சொல் இக்கூட்டங்களில் வழங்குவது சிலருக்குப் பொருந்துவதில்லை. அவரவர் கருதும் பேராற்றல் எதுவாயினும் ஆகுக என்று கூட்டத்தார் விட்டுவிடுவர். அதுவும் ஒவ்வாதவர் மருத்துவமனை நடத்தும் குழுவில் சேரலாம். வழி ஒன்றே என வற்புறுத்துவது நோயாளிக்கு உதவாது.

தமிழ்நாட்டில் இத்துறையில் முன்னோடி சாந்தி ரங்கநாதன் அம்மையார். கணவரை இந்நோய்க்கு இளமையிலேயே பறிகொடுத்த அவர், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். நகருக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காக அந்நிலையம் ஊர்களிலேயே முகாம் நடத்தியது. ஊர்ப் பொதுக் கட்டடம் ஒன்றில் நோயாளிகள் சுமார் இரு வாரம் தங்குவர், ஊர்ப் பெரியோர் உணவுக்கு உதவுவர், மனைவியரும் அழைக்கப்படுவர், முகாம் முடிந்த பின்னும் அதே ஊரில் அவர்கள் தொடர்ந்து சந்திப்பர். ஒருவரை ஊரறியக் குடியனாக்கிய அதே ஊர், ஊரறிய மீட்கவும் கூடும் என்பதை இம்முகாம்கள் காட்டின. 1992-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு குடும்பம் இத்தகைய துணையை எங்ஙனம் தேடும்? முதலில் செல்ல வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல்லில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவப் பிரிவில் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறித்த நாள்களில் செல்கின்றனர். அருகில் எக்கிழமையில் எங்குக் கூட்டம் நடைபெறுகிறது என்பதை மனநலப் பிரிவினரிடம் விசாரிக்கலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் போதைப் பழக்கத்தினின்று மீள விரும்புவோர்க்கென நடுவண் அரசு ஏற்படுத்தியது. 14416 மனநல ஆலோசனைக்குரியது. பேசுவோர் தம் பெயரைக் கூற வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

தேடும்போது சில எச்சரிக்கை தேவை. குடியை நிறுத்தும் பொடி என்று சொல்லி, குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கத் தருவோர் உளர். டைசல்ஃபிரம் என்னும் மருந்து 1948-இல் டென்மார்க் நாட்டு அறிஞரால் குடிநோய்க்குப் பயன்படும் எனக் கண்டறியப்பட்டது. அதை உண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியுற்று, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிரும் போகலாம். நோயாளி தானே அறிந்து, மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலப்பது நஞ்சிடுதலை ஒக்கும். மறுவாழ்வு இல்லம் எனப் பெயரிட்டுக்கொண்டு, மருத்துவர் இன்றி, அடைத்து வைத்து அடிக்கும் இடங்களும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்பதும், உறவினர் நோயாளியைப் பார்க்க முடியுமா என வினவுவதும் குடும்பத்தாரின் உரிமை. இக்கேள்விகளுக்குச் சினந்து விடையிறுக்கும் இடத்தில் எவரையும் விடலாகாது.

குடிப்பவர் வர மறுத்தால் என் செய்வது? குடும்பத்தார் மட்டும் கூடும் குழுக்கள் அதற்கென உள்ளன. பில் வில்சனின் மனைவியார் லோயிஸ் முன்னின்று, 1951-இல் ‘அல்-அனான்’ என்னும் பெயரில் அவற்றை ஒருங்கிணைத்தார். 1957-இல் கலிபோர்னியாவில், குடிநோயாளியின் மகனாகிய பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் வயதினர்க்கெனத் தனிக்குழு தொடங்கினான். ‘அலட்டீன்’ என்பது அதன் பெயர். தந்தையின் குடிக்குத் தான் காரணம் என்று பிள்ளைகள் பலர் மனத்துள் எண்ணி வருந்துகின்றனர். மதிப்பெண் குறைந்ததால் குடித்தார், எதிர்த்துப் பேசியதால் குடித்தார் என்று தம்மையே குற்றம் சாட்டிக்கொள்கின்றனர். நோயைப் பிள்ளை வருவிக்கவும் இல்லை. பிள்ளையால் தனித்துத் தீர்க்கவும் இயலாது. இதை வேறொருவர் வாயால் கேட்பதே பாதிச் சுமையை இறக்குவதாக அக்குழுவினர் கூறுவர். அத்தகைய குழு இல்லாத ஊரில் நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்லலாம். அடி உதைக்கு அஞ்சும் பிள்ளை 1098 என்னும் எண்ணை அழைக்கலாம்.

அருகில் கூட்டம் ஏதும் நடைபெறாத ஊர்கள் இச்சமவெளியில் பல. அங்கெல்லாம் பெருநிதியோ கட்டடமோ தேவையில்லை. மருத்துவமனையிலிருந்து தெளிந்து திரும்பிய இருவர், வாரத்தில் ஒரு மாலையைக் குறித்து, பள்ளியிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ ஓர் அறை கேட்டுப் பெற்றால் போதும். வேறு எவரும் வாராத வாரத்திலும் அவ்விருவரும் அந்நேரத்தில் வந்து விளக்கேற்றி அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாமவர் எந்த வாரத்தில் வருவார் என்பது எவருக்கும் தெரியாது.